உடற்பயிற்சிக்கு இலக்கு வைப்பது எப்படி?



தோட்டங்களுக்குச் சுகாதார வகுப்பு நடத்தப் போகும்போது உடற்பயிற்சி என்ற பேச்சை எடுத்தாலே போதும், முன்வரிசையில் இருக்கும் யாராவது ஓர் அம்மா சிரித்துவிடுவார். "விடிஞ்சா பெரட்டுக்குப் போறோம், மலை ஏறி எறங்குறோம், கொழுந்தச் சுமக்குறோம். இதுக்கு மேல எக்ஸசைஸ் என்னாத்துக்குங்க?" என்று கேட்பார். கூட இருப்பவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள்.

கேள்வி நியாயமானது. இதற்குப் பதில் சொல்லாமல் இலக்கு வைப்பதைப் பற்றிப் பாடம் நடத்தினால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். ஆகவே முதலில் இதையே எடுத்துக்கொள்வோம்.

மலை வேலை போதாதா?

பாதி உண்மை. மேடு ஏறி இறங்குவது இருதயத்துக்கும் காலுக்கும் நல்லதுதான். சென்னையில் சீனி வியாதி வரக்கூடிய நிலையில் இருந்த 531 பேரை வைத்து வைத்தியர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். அதன் முடிவு 2006ஆம் ஆண்டு வெளியானது. உட்கார்ந்தே வேலை செய்பவர்களுக்கு "ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடவுங்கள்" என்று சொன்னார்கள். உடம்பை வருத்தி வேலை செய்பவர்களுக்கோ, "நீங்கள் செய்வதை விடாமல் செய்யுங்கள், அது போதும்" என்றார்கள். சாப்பாட்டிலும் கவனம் எடுக்கச் சொன்னார்கள். ஏறக்குறைய 30 மாதங்களில், இந்த ஆலோசனையோ மருந்தோ பெறாதவர்களில் 100க்கு 55 பேருக்குச் சீனி வியாதி வந்துவிட்டது. மருந்து எதுவும் இல்லாமல் நடையையும் சாப்பாட்டையும் கவனித்தவர்களில் 100க்கு 39 பேருக்குத்தான் வந்தது. நம்மைப் போலச் சோறும் சாம்பாரும் சாப்பிடுகிற, நம்முடைய உடல்வாகு உள்ள மக்களைப் பற்றிய கணக்கு இது என்பதால் நமக்குப் பொருந்தும்.

எனவே மலையில் வேலை செய்கிறவர் கொழும்பு ஆபீஸ்காரரைப் போல விடியற்காலையில் ஓட வேண்டியதில்லை. ஆனால் மற்றப் பாதியையும் பார்க்க வேண்டும். கொழுந்து எடுப்பது கொழுந்துக்காகச் செய்யும் வேலை. உடம்புக்காகச் செய்வதல்ல. நாள் முழுவதும் முன்பக்கம் குனிந்து, பாரத்தைத் தலையிலும் முதுகிலும் வாங்கி, ஒரே விதமாகக் கையை ஓட்டுகிறோம். சில தசைகள் ஓயாமல் உழைக்கின்றன. சில தசைகளுக்கு வேலையே இல்லை. அதனால்தான் நன்றாக மலை ஏறுகிற பெண்களுக்கே கழுத்துவலியும் இடுப்புவலியும் வருகின்றன.

இன்னொரு விடயம். இன்று உங்கள் லயத்தில் எத்தனை பேர் மலைக்குப் போகிறார்கள் என்று வாசலில் நின்று எண்ணிப் பாருங்கள். வேலையை விட்டு நின்ற தாத்தாமார், ஆட்டோ ஓட்டுகிற தம்பி, டவுனில் கடையில் நிற்கிற பிள்ளை, பிள்ளை பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிற மருமகள் என்று பார்த்தால் பாதிக்கு மேல் வந்துவிடும். முப்பது வருடம் மலை ஏறியவர் வேலையை விட்டு நின்றதும், ஏறுவது நின்றுவிடுகிறது. ஆனால் சோற்றின் அளவும் பிளேன்டிக்குப் போடும் சீனியும் நிற்பதில்லை. சீனியும் பிரஷரும் சத்தமில்லாமல் வருவது அப்போதுதான்.

ஆசை வேறு, இலக்கு வேறு

"இந்த வருஷம் உடம்பக் கொறைக்கணும்." "இனிமே நல்லா நடக்கணும்." இவை ஆசைகள். நல்ல ஆசைகள்தான். ஆனால் இன்றைக்கு அது நிறைவேறியதா இல்லையா என்று சொல்ல முடியுமா? முடியாது. சொல்ல முடியாத ஒன்றை நாளைக்குத் தள்ளிப் போடுவது சுலபம்.

"திங்கள், புதன், வெள்ளி சாயந்தரம் கோயிலடியிலிருந்து ஸ்டோர் வரை நடந்து திரும்பி வருவேன். நான்கு கிழமைக்கு." இது இலக்கு. செய்தீர்களா இல்லையா என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் நடந்த ஒரு சோதனையைச் சொல்கிறோம். மரம் ஏற்றும் லொறிக்காரர்கள் தங்கள் லொறி சட்டப்படி தாங்கக்கூடிய பாரத்தில் 100க்கு 60 அளவுதான் ஏற்றிக்கொண்டு போனார்கள். "முடிந்தவரை நன்றாகச் செய்யுங்கள்" என்று சொல்லிப் பார்த்தபோது ஒன்றும் மாறவில்லை. பிறகு "100க்கு 94" என்று ஒரு எண்ணைச் சொன்னார்கள். சில மாதங்களில் அவர்கள் ஏற்றிய அளவு 90க்கு மேலே போய், அங்கேயே நின்றது. லதம், போல்டஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1975ஆம் ஆண்டு இதை எழுதினார்கள். கூலியும் கூட்டவில்லை, தண்டனையும் கொடுக்கவில்லை. கூலி கூட்டாமல் வேலை வாங்கிய கதைதானே என்று தொழிற்சங்கத் தோழர்கள் கேட்கலாம், கேட்பது சரிதான். நமக்கு இங்கே வேண்டியது அதிலுள்ள மற்றப் பாடம். "முடிந்தவரை" என்ற சொல்லுக்கு மனிதனை அசைக்கும் சக்தி இல்லை. எண்ணுக்கு இருக்கிறது.

இதைக் கொழுந்தெடுக்கும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் மாறினாலும் ஒவ்வொரு நாளும் இத்தனை கிலோ என்று ஓர் எண் நமக்கு முன்னால் நிற்கிறது. அந்த எண்ணைத் தொட்டால் முழுப்பேர். தொடாவிட்டால் அரைப்பேர். ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. தோட்டத்து நோம் எல்லோருக்கும் ஒன்று. இருபது வயதுப் பிள்ளைக்கும் ஐம்பது வயது அம்மாவுக்கும் அதேதான். உடற்பயிற்சிக்கு வைக்கும் இலக்கு அப்படி இருக்கக் கூடாது. அதை நீங்களே, உங்கள் உடம்பைப் பார்த்து வைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் ஐந்து கட்டை நடக்கிறார் என்பதற்காக நீங்களும் ஐந்து கட்டை என்று வைத்தால், மூன்றாம் நாள் முழங்கால் வீங்கும், நான்காம் நாள் எல்லாம் முடிந்துவிடும்.

புறப்படும் இடத்தை அளந்து வையுங்கள்

எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் எவ்வளவு தூரம் போவது என்று முடிவு செய்ய முடியாது. இதற்கு மெசின் எதுவும் வேண்டாம். ஒரு மணிக்கூடு, ஒரு நூல், பிள்ளையின் பழைய கொப்பியில் ஒரு பக்கம் இருந்தால் போதும்.

முதலாவது, நடை. உங்களுக்குத் தெரிந்த இரண்டு இடங்களைத் தெரிவு செய்யுங்கள். லயத்திலிருந்து ஆற்றுப் பாலம் வரை என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக நடப்பதைவிடக் கொஞ்சம் வேகமாக நடந்து எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். போய்ச் சேர்ந்ததும் பேச முடிகிறதா, மூச்சு வாங்குகிறதா என்பதையும் எழுதுங்கள்.

இரண்டாவது, காலின் பலம். முழங்கால் உயரத்துக்கு இருக்கும் கதிரையையோ வாங்கையோ சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்போடு குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 வினாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். மணிக்கூட்டைப் பேரப்பிள்ளை பார்க்கட்டும். 60இலிருந்து 64 வயது வரை உள்ள ஆண் 14 தடவைக்குக் குறைவாகவோ பெண் 12 தடவைக்குக் குறைவாகவோ செய்தால், காலில் பலம் குறைந்து வருகிறது, விழுந்துவிடும் அபாயம் இருக்கிறது என்று வைத்தியர்கள் கணக்கெடுக்கிறார்கள். சறுக்கலான படிக்கட்டும் மழையும் உள்ள நம் இடங்களில் இது சின்ன விடயமல்ல. முழங்கால் வலி கடுமையாக இருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

மூன்றாவது, இடுப்புச் சுற்றளவு. மூச்சை இயல்பாக விட்டு, தொப்புள் மட்டத்தில் நூலைச் சுற்றி, பிறகு அடிமட்டத்தில் வைத்து அளவுங்கள். நம் நாட்டவர்களில் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் தாண்டினால் சீனி வியாதிக்கும் இருதய வியாதிக்கும் இடம் உண்டு. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னுக்கு வந்தவர்கள் "நான் ஒல்லிதானே" என்று இருந்துவிட வேண்டாம். தராசைவிட இந்த நூல் அவர்களுக்கு உண்மை சொல்லும்.

40 வயது தாண்டியவர்களும், ஏற்கெனவே பிரஷர், சீனி, நெஞ்சுவலி, இழுப்பு உள்ளவர்களும் தொடங்குவதற்கு முன்னால் டிஸ்பென்சரியிலோ அரசாங்க ஆஸ்பத்திரியிலோ ஒரு தடவை காட்டிக்கொள்வது நல்லது. சீனிக்கு மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் நடக்கக் கூடாது. சட்டைப்பையில் இரண்டு டொபி இருக்கட்டும். வெறுங்காலோடும் நடக்க வேண்டாம். காலில் பட்ட சின்னக் கல்லுகூட அவர்களுக்குப் பெரிய புண்ணாகும்.

எவ்வளவு செய்வது?

உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு சொன்ன அளவு இது: வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு, அதோடு ஆகக்குறைந்தது இரண்டு நாள் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சி. 150 நிமிடம் என்பது கிழமையில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணித்தியாலம். மிதமான உழைப்பு என்றால் என்ன? நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. பேச முடியாவிட்டால் அளவு மீறிவிட்டது. மேடு ஏறும்போது இதைத் தாராளமாகப் பரிசோதித்துப் பார்க்கலாம்.

கையில் போன் வைத்திருக்கும் பிள்ளைகள் "ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1965ஆம் ஆண்டு ஜப்பானில் ஒரு கம்பனி நடையை எண்ணும் சின்னக் கருவி ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதற்கு வைத்த பெயரின் அர்த்தம் "பத்தாயிரம் அடி மீற்றர்". சொல்லுவதற்கு எடுப்பாக இருந்தது, உலகம் முழுக்கப் பரவிவிட்டது. 2019ஆம் ஆண்டு அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள 16,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய ஆய்வு ஒன்று வந்தது. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களில் இறப்பு 100க்கு 41 குறைவாக இருந்தது. ஏறக்குறைய 7,500 அடிக்குப் பிறகு மேலதிக நன்மை பெரிதாகத் தெரியவில்லை. ஆகவே பத்தாயிரம் முடியவில்லையே என்று ஒரு பாட்டி மனம் தளர வேண்டியதில்லை. நேற்றைக்கு வீட்டு வாசலோடு நின்றவர் இன்றைக்குப் பிள்ளைக் காம்பரா வரை போய்வந்தால் அதில்தான் அதிக இலாபம்.

150 நிமிடம் என்பதும் அப்படித்தான். முதல் நாளே அதில் கை வைக்க வேண்டாம். இப்போது ஒன்றும் செய்யாதவர் நாளுக்கு 10 நிமிடம், கிழமைக்கு 3 நாள் என்று தொடங்கட்டும். உடம்பு பழகியதும் ஒவ்வொரு கிழமையும் 5 நிமிடம் கூட்டலாம். வலி வந்தால் கூட்டாமல் அதே அளவில் நிற்கலாம். கவாத்து வெட்டியதும் அடுத்த நாளே கொழுந்து கேட்கிறோமா? செடிக்குக் கொடுக்கும் தவணையை உடம்புக்கும் கொடுக்க வேண்டும்.

எடையை இலக்காக வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வைக்கலாம், ஆனால் அதை மட்டும் வைக்க வேண்டாம். "இந்த மாசம் மூணு கிலோ கொறைப்பேன்" என்று வைத்தால், தராசு முள் இறங்குவது முழுக்க உங்கள் கையில் இல்லை. நீங்கள் ஒழுங்காக நடந்தும் அது இறங்காத கிழமைகள் வரும். அன்றைக்கு மனம் விட்டுப்போகும். ஆனால் "இந்தக் கிழமை நான்கு நாள் நடப்பேன்" என்பது உங்கள் கையில் இருக்கிறது. எடை தூரத்தில் இருக்கும் மலை உச்சி மாதிரி, பார்வையில் இருக்கட்டும். கணக்கு வைப்பது காலடியை. அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு முடிவு வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் எடை கூடியவர்களுக்குக் கொடுத்த எடை இலக்கே 100க்கு 7 குறைப்பதுதான். 70 கிலோ உள்ளவருக்கு அது 5 கிலோவுக்கும் குறைவு. அதோடு கிழமைக்கு 150 நிமிடம் நடை. அவர்களுக்குச் சீனி வியாதி வருவது பாதிக்கும் மேல் குறைந்தது. "பத்து கிலோ, இருபது கிலோ" என்று வாய்க்கு வந்ததைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

கொழுந்தெடுக்கும் அக்காவுக்கு

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம். ஏனென்றால் உடற்பயிற்சிப் பாடங்கள் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. காலை 5 மணிக்கு எழும்பி, சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, பெரட்டுக்குப் போய், சாயந்தரம் கடைசி நிறுவை முடிந்து வந்து, தண்ணி தூக்கி, மறுபடி அடுப்புக்கு முன்னால் நிற்கும் பெண்ணிடம் "இன்னும் அரை மணித்தியாலம் ஓடுங்கள்" என்பது அநியாயம். அவருக்கு இலக்கு வேறு.

முதல் இலக்கு, இரத்தம். மேடு ஏறும்போது முன்னைவிட மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, காலையிலேயே களைப்பாக இருக்கிறது என்றால் பயிற்சியைத் தொடங்க வேண்டாம், இரத்தத்தைப் பரிசோதியுங்கள். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் குறைந்தால் இரத்தச்சோகை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் அதைப் பிளேன்டியோடு விழுங்க வேண்டாம். தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தேத்தண்ணியைத் தள்ளி வையுங்கள். தேயிலையோடு பிறந்து வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் கஷ்டமான இலக்குதான்! ஆனால் இதுவும் எண்ணி அடையாளம் போடக்கூடிய இலக்கு.

இரண்டாவது, குனிந்த உடம்பை நிமிர்த்துவது. நிறுவைக்குக் கொழுந்தை இறக்கி வைத்ததும் வரிசையில் நிற்கிறோமல்லவா? அந்த இரண்டு நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையையும் இடுப்பில் பின்பக்கம் வைத்து மெதுவாகப் பின்னுக்கு வளையுங்கள், ஐந்து தடவை. தோள்பட்டைகளைப் பின்னுக்கு இழுத்து ஐந்து வரை எண்ணி விடுங்கள், ஐந்து தடவை. கழுத்தை இடப்பக்கமும் வலப்பக்கமும் மெல்லச் சாயுங்கள். இழுத்து உலுப்ப வேண்டாம். நாளுக்கு மூன்று நிறுவை என்றால் ஆறு நாளில் பதினெட்டுத் தடவை வருகிறது. முதல் கிழமை அதில் பன்னிரண்டு தடவை செய்தால் போதும் என்று இலக்கு வையுங்கள். தொடங்கும்போது நாலு பேர் சிரிப்பார்கள். இரண்டாம் கிழமை அவர்களில் ஒருத்தி பக்கத்தில் வந்து நிற்பாள்.

மூன்றாவது, இடுப்பின் பலம். கிழமைக்கு இரண்டு நாள், படுக்கப் போகும் முன் பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, இடுப்பை மட்டும் மேலே தூக்கி ஐந்து வரை எண்ணி இறக்குங்கள். பத்துத் தடவை. பத்துக்கு பன்னிரண்டு அடிக் காம்பராவிலும் இதற்கு இடம் போதும்.

நான்காவது இலக்கை வீட்டு ஆண்களுக்காக எழுதுகிறோம். இளைப்பாறுவதும் பயிற்சித் திட்டத்தில் ஒரு பகுதிதான். உழைத்த தசை தன்னைச் சரிசெய்துகொள்வது ஓய்விலும் தூக்கத்திலும். அந்த அம்மா ராத்திரி ஒரு மணித்தியாலம் முன்னால் படுக்க வேண்டுமென்றால், யாராவது தண்ணி தூக்க வேண்டும், யாராவது பாத்திரம் கழுவ வேண்டும். "கிழமைக்கு நாலு நாள் தண்ணி நான் தூக்குறேன்" என்று அண்ணன் ஒரு இலக்கு வைத்தால் இரண்டு பேருடைய உடம்புக்கும் நல்லது. இரண்டு வாளியோடு மேடு ஏறுவதைவிடச் சிறந்த தசைப்பயிற்சி எந்த ஜிம்மிலும் இல்லை.

விளையாட்டுப் போட்டிக்குத் தயாராகும் தம்பிமாருக்கு இரண்டே வார்த்தை. சித்திரை மாத விளையாட்டுப் போட்டிக்கு ஒரு கிழமை இருக்கும்போது கிரவுண்டில் இறங்கி, ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம் வொலிபோல் அடித்துவிட்டு, போட்டியன்று கணுக்காலில் கட்டோடு உட்கார்ந்திருப்பதை வருடாவருடம் பார்க்கிறோம். எட்டுக் கிழமைக்கு முன்னால் தொடங்குங்கள். கிழமைக்கு மூன்று நாள் போதும். இடையில் ஒரு நாளாவது ஓய்வு விடுங்கள்.

எப்போது, எங்கே?

இலக்கில் எண் இருந்தால் மட்டும் போதாது, இடமும் நேரமும் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் மாணவர்களை வைத்துச் செய்து 2002ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சியின் நன்மைகளை வாசித்துத் தெரிந்துகொண்டவர்களில் 100க்கு 35 பேர்தான் அந்தக் கிழமை ஒரு தடவையாவது பயிற்சி செய்தார்கள். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம் என்று ஒரு தாளில் எழுதியும் வைத்தவர்களில் 91 பேர் செய்தார்கள். நன்மைகளைப் பற்றி நாம் எவ்வளவு எழுதினாலும் பேசினாலும், நீங்கள் எழுதும் ஒரு வரிக்கு ஈடாகாது போலிருக்கிறது.

ஆகவே எழுதுங்கள். ஏற்கெனவே நடக்கும் ஒரு காரியத்தோடு கட்டிவிட்டால் மறக்காது. பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும், கோயிலில் சாயந்தர மணி அடித்ததும், பால் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது என்று வைக்கலாம். மழைக்கு ஒரு மாற்றும் அதே வரியில் இருக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் நம் பக்கம் ஆனி, ஆடி முழுக்கக் கொட்டும். "மழை பெய்தால் காம்பராவுக்குள் எழுந்து உட்காரும் பயிற்சி, பத்துத் தடவை, மூன்று முறை" என்று எழுதி வைத்தவருக்கு மழை ஒரு சாட்டு ஆகாது.

பாதையையும் யோசித்து எழுதுங்கள். தேயிலை மலைக்குள் குறுக்குப் பாதையில் விடியற்காலை நடக்க வேண்டாம். குளவிக் கூடு கண்ணுக்குத் தெரியாது, சிறுத்தை நடமாட்டமும் பல தோட்டங்களில் உண்டு. பெரிய ரோட்டில், வெளிச்சம் வந்த பிறகு, இரண்டு பேராகப் போங்கள். பெண்பிள்ளைகள் தனியாகப் போகாமல் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு நேரத்தை முடிவுசெய்தால் வீட்டிலும் தடுக்க மாட்டார்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கிப் பிடித்தாலோ, கண் இருட்டினாலோ, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினாலோ அந்த இடத்திலேயே உட்காருங்கள். வீட்டுக்கு நடந்துபோய்ச் சேர்ந்துவிடலாம் என்று பார்க்காமல், 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

பேர் விழாத நாட்கள்

செய்த நாளுக்குக் கலண்டரில் ஒரு அடையாளம் போடுங்கள். செக்ரோலில் பேர் விழுகிறதா என்று பார்க்கும் நமக்கு இது பழக்கமான விடயம்தான். இந்தச் செக்ரோலுக்கு நீங்களே கணக்கப்பிள்ளை. அதனால் கள்ளப்பேர் போடவும் முடியாது, போட்டால் ஏமாறுவதும் நீங்களே.

சில நாள் பேர் விழாது. காய்ச்சல் வரும், மரண வீடு வரும், திருவிழா வரும். லண்டனில் 96 பேரைக் கவனித்து 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஒரு காரியம் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக மாறச் சராசரி 66 நாட்கள் எடுத்தன. சிலருக்கு 18 நாள் போதுமாக இருந்தது, சிலருக்கு எட்டு மாதம் பிடிக்கும் போலிருந்தது. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுப்போகவில்லை. ஆகவே தவறிய நாளை அடுத்த நாள் இரண்டு மடங்கு செய்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். விட்ட இடத்திலிருந்து சும்மா தொடருங்கள். ஒரு கிழமைக்கு மேல் விட்டுப்போனால் மட்டும் கொஞ்சம் குறைத்துத் தொடங்குங்கள்.

நான்கு கிழமை முடிந்ததும் முதலில் எடுத்த மூன்று அளவையும் அதே இடத்தில், அதே நேரத்தில் மறுபடி எடுங்கள். நடை நேரம் குறைந்திருந்தால் தூரத்தைக் கூட்டலாம். அடையாளம் போட்ட நாட்கள் பாதிக்கும் குறைவாக இருந்தால் உங்களில் குறையில்லை, இலக்கு பெரிதாகிவிட்டது. ஐந்து நாளை மூன்றாக்குங்கள், அரை மணியைக் கால் மணியாக்குங்கள். இலக்கைக் குறைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இங்கே அரைப்பேர் போட யாரும் நிற்கவில்லை.

அடுத்த கிளினிக் நாளில் டிஸ்பென்சரிக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும் கையோடு எடுத்துப் போங்கள். பிரஷர் பார்த்த எண்ணையும், சீனி பார்த்திருந்தால் அந்த எண்ணையும் உங்கள் அளவுகளுக்குப் பக்கத்திலேயே திகதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள்.